செபமாலை அண்ணாச்சிக்குப் பிடிக்காத கண்ணாடிகள்

புன்னைக்காயல் செபமாலை அண்ணாச்சி என் கடைக்கு முதன்முதலாக வந்த அன்று, ஒரு கண்ணாடியைப் பழைய கைலிச் சாரத்தில் சுற்றி, கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பிலோமி. சித்திரை வெயில். வண்ணார்பேட்டை ரோடு கானலில் நெளிந்துகொண்டிருந்தது.

என் கடையில் விற்பது பஸ், லாரிக் கண்ணாடி. வீட்டுக்காரர் வெளிநாட்டில், தம்மாமில் இருக்கிறார். கடை என் பொறுப்பு. கண்ணாடி வெட்டுவதற்கு அலி அஸ்கர் இருக்கிறார். நாற்பது வயது ஆள், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் குடியிருக்கிற மேலப்பாளையத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் மும்தாஜ் பேகம் பொறுமைசாலி என்று சொல்ல மாட்டார்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களை வாசல் வரைக்கும் முறைத்தே அனுப்பிவைப்பேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து இந்த மனிதர் மாட்டினார். சரியாகச் சொன்னால், நான்தான் அவரிடம் மாட்டினேன்.

சாரத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“மீன்புடி போட்டுக் கண்ணாடி தங்கச்சி. கேபின்ல டிரைவருக்கு நேர் முன்னால உள்ளது. நீங்களே பாருங்க, இது வழியா எவனுக்காவது கடல் தெரியுமா?”

பார்த்தேன். அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். உடையாது, விலையும் குறைவு என்று சொல்லிப் படகுகளுக்கு இதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நகம் பட்டாலே கோடு விழும். இதில் கோடு என்று தனியாக எதுவும் இல்லை; முழுக்கத் தேய்ந்து பால் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடந்தது. உப்புப் படிகிறதென்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் துலக்கியிருக்கிறார். மழையில் தண்ணீர் தங்காமல் வழிய வேண்டும் என்று பீடியைப் பிரித்து அந்தத் தூளைக் கசக்கித் தேய்த்திருக்கிறார். அதுவும் போதாமல் பற்பசை வேறு. கும்பாவைத் துலக்குகிற துலக்கைக் கண்ணாடிக்குத் துலக்கினால் அது என்னத்துக்கு ஆகும்?

“இதுல கடலு என்ன அண்ணாச்சி, கடலுக்கு மேல உள்ள சூரியனே தெரியாது,” என்றேன்.

“அதத்தான நானும் சொல்லுதேன்!” என்று மனைவி பக்கம் திரும்பினார். கேஸில் ஜெயித்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். பிலோமி தலையை மட்டும் ஆட்டினாள்.

சாதாரணமாக இந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் நாலு வகையை எடுத்துப் போட்டேன். சும்மா வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி. அலை அடித்தால் கத்தி கத்தியாக உடைந்து முகத்தில் விழும், வேண்டாம் என்றேன். டஃபன் கண்ணாடி, உடைந்தாலும் ஜவ்வரிசி மாதிரி உதிரும், காயம் படாது, ஆனால் அளவு கொடுத்து மதுரையில் செய்து வர வேண்டும். பஸ்ஸுக்குப் போடுகிற லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், உடைந்தாலும் இடத்தைவிட்டு நகராது, இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். கடைசியாகப் புது அக்ரிலிக். என் மனசில் அவருக்கு லேமினேட்டட்தான் என்று முடிவாகிவிட்டது.

அண்ணாச்சி ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்தார். இடக்கண்ணை மூடிப் பார்த்தார், வலக்கண்ணை மூடிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இதுவும் புகையாத்தான் இருக்கு தங்கச்சி.”

நாலையும் அப்படியே சொன்னார். எனக்குச் சுருக்கென்று வந்தது. என் கடைச் சரக்கைப் புகை என்று சொல்லி யாரும் இதுவரை தப்பித்ததில்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் குறை சொல்லுகிற தொனி இல்லை. ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார். அதனால் நான் வாயை அடக்கிக்கொண்டேன்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பிலோமி மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். தூத்துக்குடிக் கடைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஏரலில் ஒரு கடை பார்த்தாகிவிட்டது, எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கண்ணாடி மாட்டியாக வேண்டும். மாட்டாவிட்டால் அவர் சுக்கான் பிடிக்க முடியாது.

“ஏன், படகு அவுகளோடதுதான?” என்று கேட்டேன்.

“எந் தம்பி கிளமென்ஸோடது. இவுகதான் டிரைவர். போட்டு வாங்கின நாள்ல இருந்து இவுக கையிலதான் இருக்கு.”

ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே ‘பைனாக்குலர்’ என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கரையில் நிற்கிறவர்கள் வெறும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வருவது யார் படகு, மீன்பாடு உண்டா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவாராம். மீன் நிறைந்த படகு அலையில் எப்படி அமுங்கும் என்று அவருக்குத் தெரியும். கடலில் மீனுக்காகக் கடற்காக்கைகள் எங்கே இறங்குகின்றன என்று மற்ற டிரைவர்கள் தேடுவதற்குள் இவர் அங்கே போய் மடிவலையை இறக்கிவிடுவார். கல்யாணமான புதிதில் கோயில் திருவிழாக் கூட்டத்தில் இவள் தொலைந்துபோனபோது, கொடிமரத்தடியில் நின்றபடியே அவ்வளவு ஜனத்துக்குள் இவளுடைய கொண்டைப் பூவைப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

பிறகு மாசி மாதத்து விஷயத்தைச் சொன்னாள். விடிவதற்கு முன்னால் படகு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் வலை போட்டு நின்றிருக்கிறது. அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்னால் நின்ற ஆள் கத்தின கத்தலில் செபமாலை சுக்கானைத் திருப்பினார். முழுதாக ஏறவில்லை, உரசிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். தூக்கிவிட்டார்கள். ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

ஊர்க் கமிட்டி கூடியபோது செபமாலை எழுந்து நின்று, கேபின் கண்ணாடி சரியில்லை, விளக்கு தெரியவில்லை என்று சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். வலைக்கும் வைத்தியத்துக்கும் கிளமென்ஸ் பொறுப்பு ஏற்றுக்கொண்டான். படகில் போகிற ஆட்களும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: தடைக்காலத்தில் கண்ணாடியை மாற்றிவிட்டால் அண்ணாச்சியோடு வருகிறோம், இல்லையென்றால் வேறு படகு பார்த்துக்கொள்கிறோம்.

“அதான் அலையுதோம்,” என்றாள் பிலோமி. “நல்ல கண்ணாடியாப் பாத்துக் குடுங்கம்மா. அவுகளுக்குக் கடல விட்டா ஒண்ணும் தெரியாது.”

அவள் கண் கலங்கியது. எனக்கும் மனசு இளகிவிட்டது. அன்று அவர்களிடம் நான் வீராப்பாக ஒன்று சொன்னேன். “அண்ணாச்சிக்குப் புடிச்ச கண்ணாடி இந்த ஒலகத்துல எங்கன இருந்தாலும் நான் கொண்டாந்து தாறேன்.” இந்த மாதிரி வார்த்தை விடுவதில் எனக்கு ஈடு நான்தான்.

வைகாசியில் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை கிளமென்ஸும் கூட வந்திருந்தான். நல்ல உயரம், கறுத்த உடம்பு, முதலாளி என்று சொன்னால்தான் தெரியும். அத்தான் உட்காரும்வரை உட்காரவில்லை. அத்தான் பேசும்போது குறுக்கே பேசவில்லை. கடையில் நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாகவே நின்றான்.

நான் மதுரையிலிருந்து ஒரு துண்டு வரவழைத்து வைத்திருந்தேன். பெரிய நகைக்கடைகளில் வைரம் வைக்கிற பெட்டிக்குப் போடுகிற கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தால் பச்சை அடிக்கும். இதில் அதுகூட இல்லை. மேசைமேல் வைத்தால் வைத்ததே தெரியாது, அலி அஸ்கர் அதன்மேலேயே டீ கிளாஸை வைக்கப் போனார். இதற்குமேல் தெளிவான கண்ணாடியை மனுஷன் இன்னும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு, எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

வாசலுக்குப் போனார். தூக்கிப் பிடித்தார். நான் இங்கே மார்பைத் தட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“நல்ல கண்ணாடிதான்,” என்றார். எனக்கு உயிர் வந்தது. “ஆனா நடுவுல ஒரு மேகம் மாதிரி நிக்கி பாருங்க.”

“மேகமா?” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. “அண்ணாச்சி, இதுல மேகம்னு சொன்னா இனிமே நான் காத்தத்தான் வெட்டித் தரணும்!”

அலி அஸ்கர் வாய் சும்மா இருக்குமா? “இல்ல அண்ணாச்சி, ஒரு தடவ கண்ணாடியக் கீழ வச்சிட்டு, வெறுங்கண்ணால அந்த பஸ்ஸ...” என்று ஆரம்பித்தார்.

சுவரோரம் நின்ற கிளமென்ஸ் ஒரே எட்டில் வந்து அவர் தோளில் கை வைத்தான். “அண்ணே, இங்கன நல்ல டீ எங்க கிடைக்கும்? வாங்க, காட்டுங்க,” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். கடைக்கு எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு ஆள் எதற்கு என்று நான் நினைத்தேன். அத்தோடு விட்டுவிட்டேன். அப்போது என் கவலையெல்லாம் என் கண்ணாடிக்கு வந்த கெட்ட பெயரைப் பற்றியதுதான்.

அண்ணாச்சி ஒன்றும் கேட்காதவர் மாதிரி அந்த வைரப்பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: “கோவப்படாதீங்க தங்கச்சி. நல்ல கண்ணாடிதான். ஆனா தப்பான ஒண்ண மாட்டிட்டா பெறகு ஒண்ணுஞ் சொல்ல முடியாதுல்லா?”

அந்தப் பேச்சை அன்று இரவு சோறு பொங்கும்போது திரும்ப நினைத்துப் பார்த்தேன். புதுக் கண்ணாடி மாட்டின பிறகும் தெரியாவிட்டால், அதற்கப்புறம் பழிபோட எதுவும் மிச்சமிருக்காது. ஒருவேளை கண்ணாடி கிடைத்துவிடக் கூடாது என்றுதான் இந்த மனிதர் ஊர் ஊராகக் கண்ணாடி தேடுகிறாரோ? சீ, என்ன புத்தி இது என்று என்னை நானே வைதுகொண்டு சோற்றை வடித்தேன்.

தடைக்காலம் முடிகிற வாரம் வந்துவிட்டது. நானே போன் பண்ணினேன். கேபினில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய இரும்புச் சட்டம் துருப்பிடித்துப் போனதாகக் கிளமென்ஸ் முன்பே சொல்லியிருந்தான். கண்ணாடி எதுவாக இருந்தாலும் சட்டம் வேண்டுமே, அலுமினியத்தில் அளவுக்குச் செய்து வைத்திருக்கிறோம், வந்து பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்கள் என்றேன். “முடிவு பண்ணாம இந்தத் தடவ யாரையும் பஸ் ஏற விட மாட்டேன்,” என்றும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.

அலி அஸ்கர் சட்டத்தைக் கடை வாசலில் மரத் தாங்கியின்மேல் ரோட்டைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தார். புது அலுமினியம், உள்ளே சுற்றிலும் கறுப்பு ரப்பர். சரியாகக் கேபின் ஜன்னல் மாதிரியே இருந்தது. இதன்மேல் வைத்துக் காட்டினால் மனிதருக்குத் திருப்தி வரும் என்று லேமினேட்டட் கண்ணாடியை எடுத்துவர அவர் உள்ளே போனார். நானும் கிளமென்ஸும் மேசை பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி சட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். படகில் நிற்கிற மாதிரியே காலைக் கொஞ்சம் அகட்டி நின்றார். இரண்டு கையும் இடுப்புயரத்தில் எதையோ பிடித்த மாதிரி இருந்தன. கண்ணைச் சுருக்கி ரோட்டைப் பார்த்தார். இடக்கண்ணை மூடினார். வலக்கண்ணை மூடினார்.

“தங்கச்சி,” என்று கூப்பிட்டார். “இதுவும் அப்படித்தான் இருக்கு. வெளிச்சம் பட்டா ஒரே புகை.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், “ஹா” என்று வாயால் ஆவி ஊதினார். தோளிலிருந்து துண்டை உருவி, அதைத் துடைக்கக் கையை வீசினார்.

கை முழங்கைவரை அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் அலி அஸ்கர் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வெளியே வந்தார். பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

அண்ணாச்சி கையை வெளியே எடுக்கவில்லை. விரல்களை விரித்தார், மூடினார். அங்கே ஒன்றும் இல்லையா என்று தடவிப் பார்த்தார். பிறகு பைய எடுத்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பலகைமேல் உட்கார்ந்தார். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அல்லாவே, இந்த மனுஷனை என் கடை வாசலிலா இப்படி நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

அவர்தான் முதலில் பேசினார்.

“லே கிளமென்ஸ். ஒனக்கு இது தெரியுமாலே?”

கிளமென்ஸ் தரையைப் பார்த்தான். “தெரியும் அத்தான்.”

“எப்பம் இருந்து?”

“கிறிஸ்மசுக்கு முன்னயே. ஹார்பர்ல போட்டக் கட்டும்போது நீங்க செவுத்துல கொண்டு இடிச்சிய. அப்பமே தெரியும்.”

“பெறகு ஏன்லே சொல்லல?”

“நான் எப்படி அத்தான் சொல்லுவேன்? நீங்க கண்ணாடின்னு சொன்னிய. நாங்களும் கண்ணாடின்னு சொன்னோம்.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். பிலோமி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “நெதம் மீன்ல முள்ளு எடுத்துத்தான ஒங்களுக்கு வைக்கேன். எதுக்கு எடுக்கேன்னு ஒரு நா கேட்டியளா?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த ஊர்ப் படகுகளில் டிரைவர் சொன்னால் சொன்னதுதான். பாடு இல்லாமல் வெறும் மடியோடு திரும்பினாலும் அவரிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அக்காள் புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம். கண் போய்விட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. வீடு, படகு, கமிட்டி எல்லாம் சேர்ந்து ஒரு அக்ரிலிக் தகட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டு மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி எழுந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“அந்த ரெண்டு பயலுவளும் செத்திருந்தா என்னலே பண்ணியிருப்பிய? பொட்டிக்குள்ள கண்ணாடியக் கெடத்திக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பியளோ? மரியாத பாத்தியளாம் மரியாத! அவனுவ ஆத்தாட்ட போயி என்னத்தலே சொல்லியிருப்பிய?”

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கிளமென்ஸ் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டான். பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வெளியே போய்விட்டாள். அவள் போனதை அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார். சத்தம் அடங்கிப் போயிற்று.

“ஒங்களச் சொல்லி என்னலே. மொதல்ல தெரிஞ்சது எனக்குத்தான. நான் சொல்லியிருக்கணும்.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “சரி அண்ணாச்சி, தெரிஞ்சவரு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவல? எங்க மாமனாருக்கும் இதே மாதிரித்தான், வெளிச்சத்துல போனா புகை புகைங்குவாங்க. கண்ணுல புரைதான். ஆபரேஷன் பண்ணுன மறுவாரம் பேப்பர்ல உள்ள பொடி எழுத்தப் படிச்சிட்டு எங்களப் பாடாப் படுத்துனாங்க. நீங்க எங் கடைக்கு வந்த நேரத்துக்கு அங்கன போயிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்!”

“கண்ணுல கத்தி வச்சவங்கிட்ட எவன் தங்கச்சி சுக்கானக் குடுப்பான்?” என்றார். “எங்க ஊர்ல ஒருத்தருக்குப் பண்ணுனாவ. கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒரு போட்லயும் ஏத்தல. கரையில வலையோட உக்காந்தவருதான்.”

கிளமென்ஸ் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். “எம் போட்ல ஏத்துவேன் அத்தான். டாக்டரு சரின்னு சொன்ன அன்னைக்கே ஏத்துவேன். அதுவரைக்கும் நான் புடிக்கேன், நீங்க பக்கத்துல நில்லுங்க.”

“எனக்காவச் சொல்லாதலே.”

“ஒங்களுக்காவ இல்ல. ஒங்களக் கேக்காம நான் எங்கன போயி மடிய எறக்குவேன்?”

அண்ணாச்சி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “மொதல்ல போட்டு போவட்டும். பெறகு கண்ணக் காட்டுதேன்,” என்றார். பிறகு அலி அஸ்கர் பக்கம் கையைக் காட்டினார். “அவரு எவ்வளவு நேரந்தான் அதத் தாங்கிட்டு நிப்பாரு. அத மாட்டச் சொல்லு. நீ வந்து நின்னு பாருலே. நிக்கப்போறவன்தான் பாக்கணும்.”

அலி அஸ்கர் லேமினேட்டட் கண்ணாடியைச் சட்டத்துக்கு முன்னால் சாய்த்து வைத்துப் பிடித்துக்கொண்டார். சட்டத்தைவிடப் பெரிய துண்டு, இன்னும் வெட்டவில்லை. கிளமென்ஸ் தயங்கித் தயங்கி வந்து, அண்ணாச்சி நின்ற இடத்தில் நின்றான். அண்ணாச்சி பலகையில் உட்கார்ந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“என்ன தெரியுது?”

“எல்லாம் நல்லாத் தெரியுது அத்தான்.”

“எல்லாம்னு எதுவும் கெடையாது. தெரியுதத ஒவ்வொண்ணாச் சொல்லு.”

“தென்காசி பஸ்ஸு நிக்கி. கண்டக்டரு சில்லற எண்ணுதாரு. அந்தப் பக்கம் செருப்புக்கடை. அதுக்கு அங்கிட்டு வேப்பமரம்.”

“மரத்துக்குக் கீழ?”

“அக்கா நிக்காவ.”

பிலோமி அங்கே போய் நிற்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டார்: “என்ன செய்யுதா?”

நானும் அங்கே பார்த்தேன். பிலோமி மரத்தில் ஒரு கையை ஊன்றி, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள்.

“சும்மாத்தான் நிக்காவ அத்தான்.”

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. “லே,” என்று மட்டும் சொன்னார்.

கிளமென்ஸ் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான். பிறகு சொன்னான்.

“அழுவுதாவ அத்தான்.”

“அப்பம் இந்தக் கண்ணாடியே இருக்கட்டும்,” என்று அலி அஸ்கரிடம் சொன்னார் செபமாலை அண்ணாச்சி. “அளவு பாத்து வெட்டுங்க.”